காலி இடத்துக்குக் கிடைத்த பொறுப்பு

அந்தக் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய நீலச் சட்டையை முதல் நாளே இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டேன். எங்கள் துறையின் மாற்றுத்திறனாளிகள் சமத்துவப் பொறுப்பாளராக என்னைத்தான் அறிவிக்கப்போகிறார்கள், அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. வீடு இருக்கும் பாயான் பாருவிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே, அறிவித்ததும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அடக்கமாக இரண்டு வாக்கியம், பிறகு உடனே வேலைத்திட்டம்.

பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு துறையும் ஒருவரை நியமிக்க வேண்டும். பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் என எந்த மாணவருக்கும் ஊழியருக்கும் துறைக்குள் எதுவும் தடையாக நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்யும் அப்பாவின் அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வளாகத்தின் சாய்தளங்களை எல்லாம் குனிந்து குனிந்து அளந்தவள் நான். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில் துடைப்பமும் வாளியும் அடுக்கி வைத்திருப்பதைப் படம் எடுத்துத் துறைத்தலைவருக்கு அனுப்பியவளும் நான்தான். யாரும் கேட்காமலே இவ்வளவும் செய்தேன். கேட்டால் எவ்வளவு செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

எங்கள் கூட்டங்கள் இரண்டாம் மாடியில்தான் நடக்கும். அந்த அறையில் நீள மேசை உண்டு, குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும், ஜன்னலைத் திறந்தால் கடலும் பாலமும் தெரியும். அன்று நான் படிகளைத் தாவித் தாவி ஏறினேன். உள்ளே கறிபாப் பலகாரமும், தே-ஓ என்கிற பால் விடாத தேநீரும் வந்துவிட்டிருந்தன. மேசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு, அக்காவின் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் துறையின் இளம் விரிவுரையாளரை. எல்லார் முன்னாலும் அவர் எனக்கு டாக்டர். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் அக்கா. கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பாலம் தாண்டி, கையாலேயே பிரேக் பிடித்து, எண்ணெய் கொடுத்து வேகம் கூட்டும்படி மாற்றிய தன் காரை ஓட்டிக்கொண்டு வருவார். அன்று கூட்டம் தொடங்கியும் அவர் வரவில்லை. அந்த இடம் அப்படியே காலியாக இருந்தது.

இங்கே எங்கள் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று வந்தால், துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையைச் சுற்றிப் பார்ப்பார். எல்லாரும் கைப்பேசிக்குள் குனிந்துகொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "இன்னிக்கு யார் வரல?" என்பார். அவ்வளவுதான், வராதவர் தலையில் வேலை விழுந்துவிடும். ‘கெனா ஆரோ’ என்று இங்கே சொல்வார்கள், அம்பு பட்டுவிட்டது என்று பொருள். பல் பிடுங்கப் போன ஒருவர் திரும்பி வந்து பார்த்தால் பட்டமளிப்பு விழாவின் சாப்பாட்டுப் பொறுப்பாளர் ஆகியிருப்பார். பிரசவ விடுப்பில் இருந்தவருக்கே ஒருமுறை அம்பு விட்டிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ள முடியாது. அடுத்த கூட்டத்தில் அவரும் வேறு யாருக்காவது விடுவார்.

என் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். துடைப்பம் நிறைந்த கழிவறை வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு சிரித்திருக்கக்கூடாது என்று முகத்தை மாற்றிக்கொண்டார்கள். கை தட்டினார்கள். துறைத்தலைவர் சீனர், நல்ல மனிதர், எல்லாரும் புரோஃப் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டம் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் நடக்கும். நான் காதில் விழுந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"ரொம்ப நல்லாருக்கு," என்றார் புரோஃப். "சரி, யார் பொறுப்பு எடுத்துக்கிறது?" கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

எனக்குக் கை தானாக எழுந்தது. தோள் வரைக்கும் வந்திருக்கும். அதற்குள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், பழக்க தோஷத்தில்:

"இன்னிக்கு யார் வரல?"

எல்லாத் தலைகளும் அந்தக் காலி இடத்தை நோக்கித் திரும்பின.

"ஆமாம்லா! அவங்களுக்கே குடுத்துடலாம்," என்றார் ஒருவர். "பொருத்தமாவும் இருக்கும்."

"புரோஃப், நான் செய்றேன்," என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"நீ கான்ட்ராக்ட்லா. பொறுப்புனா நிரந்தர ஆளா இருக்கணும். நீ அவங்களுக்கு உதவி பண்ணு, சரியா?"

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நிம்மதியாகக் கறிபாப் எடுத்தார்கள். நீலச் சட்டைக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. இவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒன்றுக்கு ஏங்கி நின்றவள் நான் ஒருத்திதான். அதுவும் போனது எங்கே? ஆளே இல்லாத இடத்துக்கு.

செய்தியைச் சொல்லி வா என்று என்னையே அனுப்பினார்கள். கையில் டிஷ்யூவில் சுற்றிய கறிபாப் வேறு. கீழே இறங்கினால், லிஃப்ட் வாசலில் அக்கா இருந்தார். மடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்து மாணவர்களின் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவில் ‘ரோசாக்’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பழுது.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கறிபாப்பைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, எனக்கு அம்பா?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"சமத்துவப் பொறுப்பாளர்."

அவர் லிஃப்ட் கதவைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடியும் லிஃப்ட் கதவை.

"லிஃப்ட் வேலை செய்யலனு வாட்ஸ்அப்ல போட்டேனே, யாரும் பாக்கல?"

"எல்லாரும் போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"நீ எப்படி மேல போன?"

"படியில. ஓடிப் போனேன்."

"இங்கதான் உக்காந்திருந்தேன், என்னைத் தாண்டித்தான் ஓடின. சமத்துவத்துக்கு அவ்வளவு அவசரம் போல, தங்கச்சிக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், கறிபாப்பைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உயிரை விட்டுக் கேட்ட ஒன்று அவர் மடியில் வந்து விழுந்திருக்கிறது, அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ம், பாப்போம்," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் உருப்படியாகச் செய்த வேலை பொறாமைப்பட்டதுதான். அவர் அறைக் கதவில் பெயருக்குக் கீழே புதிய பதவியை ஒட்டினார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். உதவி கேட்டு என்னிடம் வந்துகொண்டிருந்த காது கேளாத மாணவி ஒருத்தி இப்போது அவர் அறைக்குப் போனாள். நான் ஆறு முறை நினைவூட்டியும் நகராத துடைப்பங்கள், அவர் ஒரு முறை கேட்டதும் கழிவறையை விட்டு வெளியேறின. பிறகு பழையபடி திரும்பி வந்துவிட்டன, அது வேறு விஷயம். திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்ததையும் மறைக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் மோசமானது அந்தப் புகைப்படம். பல்கலைக்கழகச் செய்தி மடலுக்காக ஒரு இளைஞர் கேமராவோடு வந்தார். அக்காவைச் சாய்தளத்தின் நடுவில் நிறுத்தினார். "டாக்டர், கொஞ்சம் மேல பாத்துச் சிரிங்க. நம்பிக்கையா."

"மேல என்ன இருக்கு? ஏர்கான்தான் ஒழுகுது," என்றார் அக்கா.

நானும் படத்தில் வரவேண்டும் என்று அக்கா சொன்னார். அந்த இளைஞர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளிச்சம் திருப்பும் வெள்ளை அட்டையைக் கையில் கொடுத்தார். "சிஸ்டர், இதைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க." எந்தச் சாய்தளம்? நான் அப்பாவின் நாடாவால் அளந்த சாய்தளம். அதன் ஓரத்தில் நின்று, அக்காவின் முகத்தில் வெளிச்சம் விழும்படி அட்டையைப் பிடித்தேன். படம் அழகாக வந்தது. என் கட்டைவிரல் நுனிகூட அதில் இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் கொட்டிவிட்டேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தினார்.

"நடக்க முடியாத பொண்ணைப் பாத்தா வயித்தெரிச்சல் படுற? பாவம்டி அது."

"எது பாவம்? அவங்க பாலத்துல ஓட்டுற ஓட்டுக்கு சம்மன் வாங்காம இருக்கிறதே பெரிசு."

"வாயைக் கழுவு. அந்தப் பிள்ளைக்கு ஆண்டவன் ஏதோ ஒண்ணு குடுத்திருக்கான், அதையும் உனக்குப் புடுங்கணுமா?"

ஆண்டவன் கொடுக்கவில்லை, கூட்டத்தில் அம்பு விட்டார்கள் என்று அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. ஆனால் அம்மா சொன்னது முள்ளாகக் குத்தியது. என்னோடு படித்தவள் வேலையில் முந்தினால் அம்மாவும் சேர்ந்து வயிறெரிவார். பக்கத்து வீட்டுப் பெண் புது கெரேத்தா வாங்கி ஓட்டி வந்தபோது நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்றே பார்த்தோம். அக்காவைப் பார்த்து மட்டும் பொறாமைப்படக்கூடாதாம். ஏன் கூடாது? எனக்கு வேண்டியது அவரிடம் இருந்தது.

பிறகு ஒரு மாலை நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அக்காவின் கார் வந்து நின்றது. "ஏறு, பாயான் பாருல விட்டுட்டுப் போறேன்."

"நீங்க பாலத்துக்குத் திரும்பணுமேக்கா."

"ஏறுன்னா ஏறு. சீட்டு நனையுது."

கையால் எண்ணெய் கொடுத்து, கையாலேயே பிரேக் பிடித்து, மழைக்குள் அவர் வண்டிகளை முந்திக்கொண்டு போனார். சிவப்பு விளக்கில் நின்றதும் கேட்டார்.

"உனக்கு என் மேல என்ன கோபம்?"

"கோபம்லாம் இல்லக்கா."

"பின்ன? மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க. அன்னிக்கு அந்த அட்டையால என் மண்டைய ஒடச்சிடுவியோன்னு பயந்தேன்."

மழை சத்தத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"பொறாமை," என்றேன்.

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அக்கா நகரவில்லை. பிறகு மெதுவாக வண்டியை எடுத்து, அடுத்திருந்த, பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் ஒதுக்கி நிறுத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது. பார்த்தால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். சிரிக்காதீங்க."

"சிரிக்காம? பள்ளிக்கூடத்துலருந்து பாவம்னு சொன்னவங்களைப் பாத்திருக்கேன். உன்னைப் பாத்தா எனக்குத் தெம்பு வருதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதவங்களைப் பாத்திருக்கேன். என்னைப் பாத்துப் பொறாமைன்னு நேருக்கு நேரா ஒருத்தி சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். இரு, எங்கம்மாகிட்ட சொல்லணும், நம்பவே மாட்டாங்க."

"அக்கா!"

"சரி, சரி. ஆனா நீ பொறாமைப்படுற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு பாக்கணும்ல? நாளைக்கு என் ரூமுக்கு வா."

மறுநாள் போனேன். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். துறையில் மாற்றுத்திறனாளி என்ற சொல் எங்கே வந்தாலும் அதை அப்படியே அவருக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். லிஃப்ட் பழுதா, அவருக்கு. தேர்வில் ஒரு மாணவருக்குக் கூடுதல் நேரம் வேண்டுமா, அவருக்கு. வாகன நிறுத்தத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டாரா, அதுவும் அவருக்கு.

"லிஃப்டை ரிப்பேர் பண்ணுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கா?"

"இல்ல."

"தேர்வு நேரத்தை மாத்த?"

"அது தேர்வுக் குழு."

"அப்ப நான் என்ன செய்றேன்? ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் தயவு செஞ்சுன்னு கேக்கறேன். கேட்டா அந்த ஒரு நாள் செய்வாங்க. மறுநாள் துடைப்பம் திரும்ப உள்ள வந்துடும்." நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "இதைப் பிரிச்சுக் குடுக்கப்போறேன். எது யார் கையில இருக்கோ, அது அவங்க பொறுப்பு. எல்லாத்துக்கும் மேல பதில் சொல்ற ஆள், புரோஃப்."

"அப்போ பொறுப்பாளர்?"

"அப்படி ஒரு ஆள் வேணாம்."

நான் இத்தனை நாள் ஏங்கியதை என் கண் முன்னாலேயே துண்டு போடுகிறார். "பிரிக்கிறதுக்குப் பதிலா முழுசா என்கிட்ட குடுக்கலாமேக்கா," என்றேன். கெஞ்சலாகத்தான் வந்தது.

"குடுக்கலாம். குடுத்தா, எல்லாரும் உன் தலையில போட்டுட்டு மறுபடியும் மேல போய்க் கறிபாப் சாப்பிடுவாங்க. நீயும் சந்தோஷமா ஓடிக்கிட்டே இருப்ப." பிறகு, "கூட்டத்துக்கு ரூம் போடு. கீழ்த்தளத்துல," என்றார்.

கீழ்த்தளத்தில் இருந்தது கேன்டீனை ஒட்டிய வகுப்பறை ஒன்றுதான். குளிர்சாதனம் இல்லை, தலைக்கு மேலே இரண்டு விசிறி. மீ கோரிங் நூடுல்ஸ் வதக்கும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். புரோஃப் சட்டையைக் காற்றுக்கு ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். கட்டடப் பிரிவைக் கவனிக்கும் தமிழ் அண்ணன் ஒருவரையும் அக்கா அழைத்திருந்தார். அன்று எல்லாரும் வந்திருந்தார்கள். மாடி ஏறாததால் சிலர் நேரத்துக்கே வந்துவிட்டார்கள்.

அக்கா நீட்டி முழக்கவில்லை. "லிஃப்ட் யார் கையில?" என்று கேட்டார். அண்ணன் கையை உயர்த்தி, "எங்க பிரிவுதான் டாக்டர். பார்ட்ஸ் வரணும்," என்றார். "அப்ப எப்போ வரும்னு இனிமே புரோஃபுக்கு நீங்களே சொல்லுங்கண்ணே, நான் கேக்க மாட்டேன்." தேர்வுக் குழுத் தலைவருக்குக் கூடுதல் நேரம். அலுவலக மேலாளருக்குக் கழிவறை. ஒவ்வொன்றும் உரியவர் கைக்குப் போகப் போக, எனக்கு ஒவ்வொருவர் மேலும் பொறாமை வந்தது. கடைசியில் என் முறை.

"கூட்டம் எந்த ரூம்ல நடக்கணும்னு இவ முடிவு பண்ணட்டும்," என்றார் அக்கா.

ரூம் புக்கிங்! சாய்தளம் அளந்தவளுக்கு ரூம் புக்கிங். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சில வாரம் கழித்து லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அந்த அண்ணனுக்குத் துறையே கை தட்டியது. அதையும் நின்று பார்த்தேன்.

ஆனால் ரூம் புக்கிங் அவ்வளவு சாதாரணமில்லை என்பது அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தெரிந்தது. புரோஃப் கூப்பிட்டார். "லிஃப்ட்தான் சரியாயிடுச்சே, மேல வச்சுக்கலாமா? ஏர்கான் இருக்கு, வியூ இருக்கு."

"லிஃப்ட் நேத்து ரெண்டு தடவை நின்னுடுச்சு புரோஃப். கீழதான்."

"கேன்டீன் வாசனை..."

"கீழதான் புரோஃப்."

கான்ட்ராக்ட் ஆள், துறைத்தலைவரிடம் முடியாது என்று சொல்கிறேன். எனக்கே நம்ப முடியவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, "சரிலா," என்றார்.

அந்தக் கூட்டத்தில் புது விஷயம் ஒன்று வந்தது. பல்கலைக்கழக அளவில் சமத்துவக் குழு அமைக்கிறார்கள். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர், நிரந்தரமோ கான்ட்ராக்டோ யாராக இருந்தாலும் சரி, ஒரு வருடத்துக்கு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"யார் போறது?" புரோஃபின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. தலைகள் கைப்பேசிக்குள் குனிந்தன. வழக்கமான அந்தக் குரல் தொடங்கியது. "இன்னிக்கு யார்..."

அதற்கு மேல் வரவில்லை. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். புரோஃபும் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். பல் வலிக்காரரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்பு விட ஒரு காலி இடமும் இல்லை. விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது.

கையைத் தூக்கினேன், இந்த முறை தலைக்கு மேலே. தூக்கிய பிறகுதான் எதிரே இன்னொரு கை தெரிந்தது. அக்காவின் கை. எனக்கு முன்பே உயர்ந்துவிட்டிருந்தது.

"ரெண்டு பேரா?" புரோஃப் திகைத்துப்போனார். ஒரு வேலைக்கு இரண்டு பேர் கை தூக்கி அவர் பார்த்ததே இல்லை.

நான் அக்கா பக்கம் சாய்ந்தேன். "அன்னிக்கு வேணாம்னீங்களே!"

"அன்னிக்கு என்னைக் கேக்கவே இல்ல. இன்னிக்குக் கேட்டாங்கல்ல," என்று கையை இறக்காமலே கிசுகிசுத்தார். "விட்டுக் குடுப்பேன்னு நினைக்காத."

"நானும்தான்."

ஓட்டுப் போட்டார்கள். அக்கா ஜெயித்தார். வெளியே வந்ததும், "பொறாமையா?" என்று கேட்டார். "பின்ன இல்லாம?" என்றேன். எண்ணெய் நிலையத்தில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. ஆனால் எரிச்சலும் குறையவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குழுவில் அவர் என்னென்ன பேசினார் என்று ஒவ்வொரு முறையும் வந்து சொல்வார். நான் இருந்தால் இதைவிட நன்றாகப் பேசியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே கேட்பேன். சில சமயம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். "அப்படியா, அடுத்த வருஷம் வந்து நின்னு பாரு," என்பார்.

அடுத்த வருடம் வந்துவிட்டது. என் கான்ட்ராக்டை நீட்டித்திருக்கிறார்கள். வரும் வாரம் கூட்டம், மறுபடியும் ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். நேற்று அக்காவின் கார் பழுதாகிப் பட்டறைக்குப் போய்விட்டது, கூட்டத்தன்று வருவது சந்தேகம் என்றார். வராவிட்டால் எனக்குப் போட்டியே இல்லை. புரோஃபிடம் கேட்டு, கார் சரியாகி வரும் நாளுக்குக் கூட்டத்தை இரண்டு நாள் தள்ளிப் போட்டு, அதே கீழ்த்தள அறையைப் பதிவு செய்துவிட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

"தேதி மாத்தியிருக்கேன். கண்டிப்பா வாங்க. தோக்கறதைப் பாக்கணும்."

"யாரு?" என்று பதில் வந்தது.

நீலச் சட்டையை இஸ்திரிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.